ஊரு உனக்கு முந்தியே போய் உக்காந்திருக்கும்

ஏல பேராண்டி, இங்கன வா. பெட்டி கட்டினது போதும். உங்க ஆச்சி அந்தத் தூக்குச்சட்டியை மூணாவது தடவையா உள்ள வைக்கா, நீ மூணாவது தடவையா வெளிய எடுக்கே. உங்க ரெண்டு பேரு சண்டை முடியுறதுக்குள்ள நான் என் சோலியை முடிச்சிருதேன். தாத்தன் புத்தி சொல்லாம அனுப்பிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது, பாத்துக்கோ.

நேத்து ராத்திரி தார்சாவுல நின்னு சேக்காளிகிட்ட போன்ல பேசினே. தாத்தனுக்குக் காது மந்தம்னு நினைச்சுக்கிட்டே. மந்தம்தான், வேண்டாததுக்கு மட்டும். "ஜெர்மனியில நம்மூர்க்காரன் ஒருத்தன் கிடையாதுல, நிம்மதி"ன்னு சொன்னியே, அது கோயில் மணி அடிச்ச மாதிரிக் கேட்டுது.

உன்னையும் குத்தம் சொல்லக் கூடாது. 23 வருசமா இந்த ஊரு உன்னை வேவு பாத்திருக்கு. குளத்தங்கரையில நீ ஒரு சிகரெட்டைப் பத்த வச்சா, அது பாதி எரியுமுன்னே அடுப்படியில உங்க அம்மை மூக்கை உறிஞ்சுதா. இப்பிடிப்பட்ட ஊரை விட்டு 7,000 கிலோமீட்டருக்கு மேல ஓடணும்னு எவனுக்குத்தான் தோணாது? எனக்கும் தோணுச்சு. அதுக்குள்ள உங்க ஆச்சிக்குத் தாலி கட்டிட்டேன்.

ஆனா ஒண்ணு. நீ படிக்கப் போற டார்ட்முண்டுக்குப் பக்கத்துலயே ஹாம்னு ஒரு ஊரு இருக்கு. அங்கன காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. ஏதோ குச்சுல வச்சுக் கும்பிடுற சாமின்னு நினைக்காதே. கோபுரமெல்லாம் எழுப்பி, 2002-ல கும்பாபிசேகம் பண்ணி, வருசா வருசம் தேரு இழுக்காவ. சண்டைக்குத் தப்பிப் போன ஈழத்துச் சனங்க கட்டினது. நான் யூட்டியூப்ல பாத்தேன். பட்டுச்சேலை கட்டின ஆச்சிமாரு வடம் பிடிக்காவ, ஓரத்துல வெள்ளைக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கான். நீ அங்கன போய் நின்னா, எவளாவது ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி "தம்பி, சாப்பிட்டியளோ?"ன்னு கேக்கத்தான் போறா. அன்னைக்கு உன் நிம்மதிக்குப் பங்கம் வந்துரும். வயிறு மட்டும் நிறையும்.

ஒரு கணக்குச் சொல்லுதேன், எழுதி வச்சுக்கோ. தூரம் கூடக் கூட ஊரு பெருக்கும். இங்கன நம்ம ஊருன்னா நம்ம தெரு. வடக்குத் தெருக்காரன் எதுக்க வந்தா நீ செல்போனைப் பாத்துக்கிட்டே போயிருவே. தென்காசி பஸ் ஸ்டாண்டுல அவனையே பாத்தா "என்னல, இங்கிட்டு?"ன்னு கேப்பே. எழும்பூர்ல பொதிகை வண்டி ஏறுறப்போ, ஆழ்வார்குறிச்சிக்காரனும் உனக்கு ஊர்க்காரன். டெல்லிக்குப் போனா சேலத்துக்காரன் அண்ணனாயிருவான். ஜெர்மனிக்குப் போனா, சோத்தைக் கையால பிசைஞ்சு திங்கிற எவனும் உன் சொக்காரன்தான். நம்ம மாவட்டமே பாரு. 1986-ல தூத்துக்குடியைப் பிரிச்சாவ, 2019-ல தென்காசியைப் பிரிச்சாவ. இங்கன போர்டை எல்லாம் மாத்தி எழுதியாச்சு. வெளிநாட்டுல எவனும் மாத்திக்கிடல. அங்கன எல்லாவனும் இன்னும் திருநெல்வேலிதான்.

இது எனக்கு எப்பிடித் தெரியும்னு கேளு. உங்க அத்தை வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தேன்லா? பதிமூணாவது மாடி. கதவைத் திறந்தா எதுத்த வீட்டுக் கதவு, அதும் எப்பவும் பூட்டிக் கெடக்கும். நாலு நாள் பாத்தேன். அஞ்சாவது நாளு ஞாயித்துக்கிழமை, "என்னை மனுசர் மத்தியில கொண்டு விடு தாயி"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சிராங்கூன் ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயில் வாசல்ல கொண்டு விட்டா. ஏ யப்பா! லீவு நாளுன்னு கட்டட வேலை பாக்கிற பயலுவ பூரா அங்கனதான் நிக்கான். சங்கரன்கோயில் ஆடித்தவசு தோத்துது போ.

மனசு குளுந்து போய் ஒரு கடையில வெத்தலை வாங்கிப் போட்டேன். போடும்போது ஒண்ணும் தெரியல. சாறு ஊறின பொறவுதான் புத்தி வந்துச்சு. ரோட்டுல துப்பினா அபராதம் போடுற ஊருல்லா அது! முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. ரெண்டு கன்னமும் உப்பி, அனுமாரு கணக்கா நடக்கேன். ஒரு குப்பைத்தொட்டி தெரிஞ்சுது, பக்கத்துல ஒரு போலீஸ்காரன். இன்னொண்ணு தெரிஞ்சுது, தலைக்கு மேல கேமரா. கண்ணுல தண்ணி வந்துட்டு. அப்பப் பாத்து முதுகுக்குப் பின்னால ஒரு குரல்: "என்ன தாத்தா, பாவூர்சத்திரம் பக்கமா?"

இந்தக் கேள்விக்காக நாலு நாளாத் தவம் கெடக்கேன். ஊருல இருந்து அத்தனை தூரம் வந்து, ஒருத்தன் ஊரு பேரைச் சொல்லிக் கூப்பிடுதான், எனக்கு வாயைத் திறக்க வழியில்ல! திரும்பிப் பாத்தா, 25 வயசுப் பய ஒருத்தன், கையில காய்கறிப் பை. அவனுக்கு விசயம் வெளங்கிட்டு. வெண்டிக்காயைப் பக்கத்துல நின்னவன் பையில தட்டிட்டு, அந்த பிளாஸ்டிக் கவரை என் வாய்க்கு நேரா நீட்டினான். பெத்த மவன் செய்ய மாட்டான் அதை. அந்தப் பய கதையைக் கடைசியில சொல்லுதேன். மிச்சத்தை முதல்ல கேட்டுக்கோ.

ஊரு உனக்கு முந்தியே போய் உக்காந்திருக்கும்னு சொன்னேன்லா, அது விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு இல்ல. நம்ம கடையநல்லூர்க்காரவ சிங்கப்பூர்ல 1941-லயே சங்கம் வச்சுட்டாவ. அதுக்கும் முந்தி, 1827-ல நாராயண பிள்ளைன்னு ஒருத்தர் மாரியம்மனைக் கொண்டு வச்சிருக்காரு. ஆளு போறதுக்கு முந்தி வார்த்தை போயிருக்கு. அத்தை வீட்டுக்குக் கீழ் மாடியில ஒரு மலாய்க்கார அம்மா இருக்கா. அவளும் நானும் லிப்டுல மூணு நாளாச் சிரிச்சே காலம் தள்ளினோம். ஒரு நாளு அவ என் கையில இருந்ததைக் காட்டி "பெட்டி"ன்னா. ஏ, பெட்டின்னு தமிழ்லல்லா சொல்லுதான்னு தூக்கி வாரிப்போட்டுது. கேட்டா, அவுக பாசையிலயும் பெட்டி பெட்டிதான், கட்டில் கட்டில்தான். கடைய கெடாய்ங்கா, கப்பலை காப்பால்ங்கா. தொழிலுக்குப் போடுற முதலுக்கு மொடால்னு பேரு. பாத்தியா, நம்மாளு கப்பல்ல பெட்டியோட போய், முதலைப் போட்டு, கடை வச்சு, ராத்திரி கட்டில்ல படுத்திருக்கான். அவன் பொழைப்பு பூரா அந்த அஞ்சு வார்த்தையில இருக்கு.

நம்ம வாத்தியாரு இதைக் கேட்டுட்டு இன்னும் ஒண்ணு சொன்னாரு. எகிப்து தேசத்துல செங்கடல் ஓரமா குசேர் அல் காதிம்னு ஒரு பழைய துறைமுகம். அங்கன தோண்டினப்போ ஒரு பானைஓடு கிடைச்சிருக்கு. 2,000 வருசத்துப் பழசு. அதுல தமிழ் எழுத்துல கீறியிருக்கு. என்னன்னு கேளு. 'பானை ஒறி'. ஒறின்னா நம்ம உறிதான், உங்க ஆச்சி பூனைக்குப் பயந்து மோர்ச்சட்டியைத் தொங்க விடுவாள்லா, அது. ஒருத்தன் ராசா பேரை எழுதல, சாமி பேரை எழுதல. உறியில வைக்கிற பானைன்னு எழுதி வச்சிருக்கான். கூட வந்த எவனோ அவன் பானையை எடுத்துப் புழங்கியிருக்கணும். ஊர்க்காரன் கூடவே போனா அதுதான நடக்கும்!

சரி, இப்பப் புத்திக்கு வருவோம். வெளிநாட்டுல உன்னை ஒருத்தன் மறிச்சு அஞ்சு கேள்வி கேப்பான். எந்த ஊரு? தென்காசிப் பக்கம். பக்கம்னா? பாவூர்சத்திரம். பாவூர்சத்திரத்துல எங்கன? கிழக்க போற ரோட்டுல. எந்தத் தெரு? யாரு மவன்? விமானம் ஏறுறதுக்கு முந்தி தூதரகத்துக்காரன் உன்னை இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டான். முதல் மூணு கேள்வியும் பாசம். சிரிச்சுக்கிட்டே சொல்லு. நாலாவது கேள்வி வந்தா உசாராயிரு. தெருவைக் கேக்கிறது தபால் போடுறதுக்கு இல்ல பேராண்டி. தெருவைச் சொன்னா சாதி தெரிஞ்சு போகும். அவ்வளவு நேரம் உன் தோள்ல கெடந்த கை அப்பறம் இருக்கும், இல்ல நைசா இறங்கும். இறங்கிச்சுன்னா வருத்தப்படாதே. 7,000 கிலோமீட்டருக்கு மேல வந்தும் தெருவை விட்டு வெளிய வராத கோட்டிக்காரன்னு நினைச்சுக்கிட்டு, அவன் வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சு முடிச்சுட்டு எந்திரி.

அடுத்தது பார்சல். நீ லீவுக்கு வரப்போறேன்னு உனக்கே முடிவாகி இருக்காது, ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும். "சின்னப் பார்சல்தான் தம்பி, ஒரு கிலோ கூட இருக்காது"ம்பான். ஒரு கிலோன்னு சொன்னா மூணு கிலோன்னு அர்த்தம். திரும்பிப் போகயில இங்கன இருந்து அல்வா, கருப்பட்டி, அப்பளம், நார்த்தங்கா ஊறுகா. உன் சட்டை துணியை வீட்டுல வச்சுட்டு, அவன் அப்பளம் நொறுங்காமக் கொண்டு போகணும். போகட்டும், அதுவும் புண்ணியம்தான். ஆனா எந்தப் பார்சலையும் பிரிச்சுப் பாக்காம வாங்காதே. தாய்மாமனா இருந்தாலும் சரி. "என்ன மாமா, நம்பிக்கை இல்லையா"ன்னு மூஞ்சியைத் தூக்கினா தூக்கட்டும். சிங்கப்பூர்ல ஹெராயின் 15 கிராமுக்கு மேல கொண்டு போனவனுக்குத் தூக்கு. நாம குழம்புக்கு அரைக்கிற கசகசாவைக் கூட சிங்கப்பூர்லயும் துபாய்லயும் உள்ள விட மாட்டான். உங்க ஆச்சிக்கு இது தெரியாது. மசாலாப் பொட்டணத்தைப் போய்ப் பாத்துக்கோ.

மூணாவது, கோயில் கொடை. நீ ஜெர்மனியில போய் இறங்கி, ரூமுக்குச் சாவி வாங்குமுன்னே வாட்சப்புல வரி வந்துரும். இங்கன இருக்கவனுக்குத் தலைக்கட்டு வரி 2,000-ன்னா, வெளிநாட்டுக்காரனுக்கு எவ்வளவுன்னு கமிட்டி தனியாக் கூடிப் பேசும். படிக்கத்தான் வந்திருக்கேன், நானே கடன்ல இருக்கேன்னு நீ சொன்னா, "தம்பி, சுடலைமாடனுக்கு யூரோவும் தெரியும்"னு பதில் வரும். குடுத்துரு. குடுக்கலன்னா அடுத்த கொடையில மைக்குல பேரு வராது. பேரு வரலன்னா உங்க அம்மை ஆறு மாசம் தெருவுல நடக்க மாட்டா. மைக்குல பேரு வர்றதுக்காகவே வெளிநாடு போனவனையும் எனக்குத் தெரியும்.

நாலாவது, "நானும் உங்க ஊர்ப் பக்கம்தான்"னு சொல்லி வேலை வாங்கித் தாரேன்னு வர்றவன். தூண்டில்ல புழு எதுக்குக் கோக்கான்? மீனுக்குப் பிடிக்கும்னுதான். 2022-ல தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போய், நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மியான்மர்ல மியாவாடிங்கிற எடத்துல அடைச்சு வச்சு, ஊரான் துட்டைத் திருடுற வேலை பாக்க வச்சானுவ. பேப்பர்ல படிச்சேல்லா? பேச்சுல ஊரு மணக்கேன்னு கையெழுத்தைப் போட்டுராதே. காகிதத்தைப் படிச்சுட்டுப் போடு.

என்ன, தாத்தன் ஊர்க்காரனை எல்லாம் இப்பிடிக் கரிச்சுக் கொட்டுதானேன்னு பாக்கியா? எனக்கு உரிமை இருக்கு. நானும் ஒரு ஊர்க்காரன்தான். அந்தக் கதையை இது வரைக்கும் உங்க அப்பன்கிட்ட கூடச் சொன்னதில்ல.

எங்க தாத்தா கூடப் பிறந்த தம்பி ஒருத்தரு, பஞ்சத்துல கங்காணி பின்னால சிலோனுக்குப் போனவரு. கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டம். போனவரு வரல. 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோ அம்மாவும் ஒரு ஒப்பந்தம் போட்டாவ. தோட்டத்துச் சனத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கிடணும், 3,00,000 பேரை அவுக வச்சுக்கிடணும்னு கணக்கு. கத்தரிக்கா பங்கு வைக்கிற மாதிரி மனுசனைப் பங்கு வச்சாவ. அந்தக் கணக்குல ஒரு குடும்பம், 1973-ன்னு நினைவு, மண்டபம் முகாம்ல இருந்து பஸ் ஏறி நம்ம ஊரு ஆலமரத்தடியில வந்து இறங்குச்சு. புருசன், பொஞ்சாதி, இடுப்புல ஒரு பிள்ளை, ஒரு தகரப் பெட்டி. ரெண்டு பேரும் பிறந்தது அங்கன. ஊரு பேரைத் தவிர ஒண்ணும் தெரியாது.

நம்ம ஆளுக விடுவாவளா? எந்த ஊரு, யாரு மவன், யாரு பேரன். அஞ்சு கேள்விக்கும் அந்த மனுசன் ராமாயணம் ஒப்பிக்கிற மாதிரிப் பதில் சொன்னாரு. அத்தனையும் சரி. எங்க தாத்தா பேரு, குலசாமி பேரு, ஓடைக்கரைப் புஞ்சையில நின்ன இலுப்பை மரம் வரைக்கும் சரி. சரியாச் சொன்னதுதான் அவரு செஞ்ச தப்பு. இவரு யாருன்னு தெரியாம இருந்தா ஒரு வேளைச் சோறு போட்டிருப்பாவ. யாருன்னு தெரிஞ்சு போச்சு. சொக்காரன். சொக்காரன்னா பங்கு. ஓடைக்கரைப் புஞ்சையில பாதி.

எங்க அப்பா தார்சாவுல உக்காந்து வெத்தலையை மென்னுக்கிட்டே, "எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்லையே"ன்னாரு. நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், 22 வயசு. எனக்கும் ஒண்ணும் ஞாவகம் இல்ல. ஊருக்கே ஞாவகம் இல்ல. அந்த அம்மா மட்டும் எங்க அப்பா வெத்தலை போடுறதைக் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு ராத்திரி கோயில் மண்டபத்துல கெடந்தாவ. மூணாவது நாளு இல்ல. நீலகிரிப் பக்கம் சர்க்காரு தேயிலைத் தோட்டம் போட்டுச் சிலோன்ல இருந்து வந்தவகளுக்கு வேலை குடுக்குன்னு பின்னால யாரோ சொன்னாவ.

அந்த ஓடைக்கரைப் புஞ்சைதான் பேராண்டி, போன தை மாசம் உங்க அப்பன் வித்தது. நீ ஏறப் போற விமானத்துக்கு டிக்கெட்டு அதுல எடுத்ததுதான்.

முழிக்காதே. சிங்கப்பூர்ப் பய கதைக்கு வாரேன். வாயைக் கொப்புளிச்சுட்டுக் கேட்டேன், "எப்பிடில தம்பி கண்டுபிடிச்சே?" அவன் சிரிக்கான். "கடையில 'சுண்ணாம்பு கூடக் கொஞ்சம் வையும்வே'ன்னு கேட்டீங்கள்ல தாத்தா? எங்க ஆச்சி அப்படியேதான் கேக்கும்." எந்த ஊருன்னேன். கூடலூர்னான். நீலகிரி. "ஆனா எங்க ஆச்சி எங்களுக்குப் பாவூர்சத்திரம் பக்கம்னுதான் சொல்லும். சிலோன்ல இருந்து வந்தவங்க. நான் அந்த ஊரைப் பாத்ததே இல்ல தாத்தா. எப்படி இருக்கும்?"

எழுபது வருசமா எதுக்க வந்தவனை எல்லாம் மறிச்சு யாரு மவன்னு கேட்ட வாயி இது. பஸ்சுல கேட்டிருக்கேன், கல்யாண வீட்டுல கேட்டிருக்கேன், இழவு வீட்டுல பொணத்தைக் காட்டி "இவரு யாரு மவன்"னு கேட்டிருக்கேன். அன்னைக்கு மட்டும் கேக்கல. வாயில வெத்தலையும் இல்ல, கேக்க எந்தத் தடையும் இல்ல. கேட்டா அவன் வேற யாரோ ஒருத்தனாப் போயிருவான். தோட்டத்துல எத்தனையோ ஆயிரம் குடும்பம். இல்ல, போகாமலும் இருப்பான். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்ல.

"குளம் இருக்கு, கரையில பனை நிக்கும், சாரல் காத்து வரும்"னு என்னமோ சொன்னேன். அவன் டீ வாங்கித் தந்தான். துட்டு குடுக்க விடல. "ஊர்க்காரங்ககிட்ட வாங்குவாங்களா தாத்தா"ன்னுட்டான்.

அதனால உனக்கு ஒரே ஒரு புத்திதான், மத்ததெல்லாம் வெத்தலைக்குப் பாக்கு மாதிரி. எவனைப் பாத்தாலும் எந்த ஊருன்னு கேளு, தாராளமாக் கேளு. யாரு மவன்னு கேக்கணும்னா, பதில் வந்தா நடையைத் திறந்து விடுவியான்னு உன் நெஞ்சைத் தொட்டுப் பாத்துட்டுக் கேளு. திறக்க மனசு இல்லன்னா, சாரல் எப்பிடி இருக்குன்னு கேட்டுட்டு விட்டுரு.

நேரமாச்சு, வண்டி வந்துரும். ஏ பிள்ளை, அந்தத் தூக்குச்சட்டியை இங்கன கொண்டா. பேராண்டி, இதை வேண்டாம்னு சொல்லாதே. அடியில பாரு, உங்க கொள்ளுத்தாத்தா பேரும் ஊரு பேரும் வெட்டியிருக்கு. நீ இதை ஜெர்மனியில எங்கனயாவது தொலைக்கத்தான் போறே. 2,000 வருசம் கழிச்சு எவனாவது தோண்டி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிச்சு, பெரிய ஊர்க்காரன் போலிருக்கேன்னு நினைக்கட்டும். புஞ்சைக் கதை அவனுக்குத் தெரியவா போகுது?